சி.டி. போடும் இடம் இல்லாத லேப்டாப்பும் ஓடும்



பூம்புகார், வானகிரி, மேலையூர், திருவெண்காடு பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது கொஞ்ச நாளாக ஒரே மாதிரியான கோரிக்கை வருகிறது. “பொண்ணோட லேப்டாப் ஓடலைங்க. கடையில காட்டினோம். உள்ள சாஃப்ட்வேர் போயிடுச்சு, புதுசா ஏத்தலாம்னா இதுல சி.டி. போடற இடமே இல்ல, பேசாம வேற வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்க. குழுவுல உள்கடன் கிடைக்குமா?”

படிப்புக்காகக் கடன் கேட்பது தப்பே இல்லை. ஆனால் கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 20 தவணை. மாதம் 1,500 ரூபாய் அசல் கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், 20 மாதத்தில் வட்டி மட்டும் 3,150 ரூபாய் ஆகிவிடும். மொத்தம் 33,150 ரூபாய். நாற்று நட்டும், களை எடுத்தும், கருவாடு காய வைத்தும் வரும் காசு இது.

பழைய லேப்டாப்பை ஓட வைக்க ஆகும் செலவு என்ன? பெரும்பாலும் ஒரு பென் டிரைவ் விலைதான். லேப்டாப்பில் சி.டி. போடும் இடம் இல்லை என்பது உண்மை. அதனால் சாஃப்ட்வேர் ஏற்ற முடியாது என்பது உண்மை இல்லை. எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

பரணில் கிடப்பது என்ன?

நம்ம ஊர்களில் உள்ள லேப்டாப்களில் பல, அரசு கொடுத்தவை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பல லட்சம் லேப்டாப்கள் எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுக்கப்பட்டன. அக்கா படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது அது பரணில் துணி சுற்றிக் கிடக்கிறது. சில வீடுகளில் சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது, திரையில் நாலு வரி இங்கிலீஷ் வருகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. “செத்துப் போச்சு” என்று ஒதுக்கி விடுகிறோம்.

லைட் எரிந்து திரையில் எழுத்து வருகிறது என்றால் அந்த லேப்டாப் சாகவில்லை. உள்ளே அதை நடத்துகிற ஆளைத்தான் காணோம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறோம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து பிரிந்து, கடைசியில் நம்ம மேலையூர் கடைமுகத் தடுப்பணை வரைக்கும் வருகிறது. ஆறு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது. ஆனால் எந்த மதகை எப்போது திறப்பது, எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வரவில்லை என்றால் வயலுக்குத் தண்ணீர் வராது. அதற்காக வாய்க்காலே கெட்டுப்போச்சு, புது வாய்க்கால் வெட்டுவோம் என்று யாராவது சொல்வோமா?

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். கீபோர்டு, திரை, மெமரி, ஹார்டு டிஸ்க் எல்லாம் வாய்க்காலும் மதகும் மாதிரி. நீங்கள் ‘அ’ என்று தட்டினால் அது திரையில் தெரிய வேண்டும், சேமித்தால் ஹார்டு டிஸ்கில் போய் உட்கார வேண்டும், பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டருக்குப் போக வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற மென்பொருள்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் ஒரு இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. நம் கைப்பேசியில் இருக்கிற ஆண்ட்ராய்டும் இயங்குதளம்தான். அது லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். ஆக, லினக்ஸ் என்பது நமக்குப் புதுசு இல்லை. மடியிலேயே வைத்திருக்கிறோம்.

சி.டி. எங்கே போச்சு?

ஒரு காலத்தில் இயங்குதளம் ஃபிளாப்பியில் வந்தது. 1995-இல் வந்த விண்டோஸ் 95-ஐ ஃபிளாப்பியில் வாங்கினால் 13 ஃபிளாப்பியை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். பிறகு சி.டி. வந்தது. ஒரு சி.டி.யில் 700 எம்.பி. பிடிக்கும். அதற்குப் பிறகு டி.வி.டி. வந்தது. அதில் 4.7 ஜி.பி. பிடிக்கும்.

பென் டிரைவ் வந்தது 2000-ஆம் ஆண்டில். சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் என்ற நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கட்டை விரல் அளவுதான் என்பதால் அந்தப் பெயர். நம்ம பக்கத்து ஆண்கள் வேலைக்குப் போகிற அதே சிங்கப்பூர்தான். முதலில் 8 எம்.பி. மாதிரி சின்ன அளவில் வந்தது, இப்போது 32 ஜி.பி., 64 ஜி.பி. என்று சாதாரணமாகக் கிடைக்கிறது. சுற்றுகிற பாகம் எதுவும் அதில் இல்லை. சி.டி. மாதிரி கீறல் விழாது.

2007-இல் தைவான் நாட்டு ஆசுஸ் நிறுவனம் ‘ஈ பி.சி.’ என்ற சின்ன லேப்டாப்பை விற்றது. விலையையும் எடையையும் குறைக்க அதில் சி.டி. டிரைவே வைக்கவில்லை. உள்ளே லினக்ஸ்தான் இருந்தது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக சி.டி. டிரைவை எடுத்துவிட்டன. ஆகவே உங்கள் லேப்டாப்பில் அந்த இடம் இல்லை என்றால் அது குறை இல்லை. அது பென் டிரைவில் ஏற்றுவதற்காகவே செய்த லேப்டாப்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அன்றைக்கே லேப்டாப் நின்றுவிடாது. ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. பேங்க் வேலை, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாம் அதில் செய்வது நல்லதில்லை.

“அப்ப விண்டோஸ் 11 போட்டுடலாமே?” என்று கேட்பீர்கள். அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. மெமரி, 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ள பிராசசர் எல்லாம் வேண்டும். பழைய லேப்டாப்களில் பலவற்றுக்கு இந்தத் தகுதி இல்லை. அதனால்தான் பல கடைகளில் “புதுசு வாங்குங்க” என்கிறார்கள்.

எதை ஏற்றலாம்?

இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, விண்டோஸே மறுபடியும். விண்டோஸ் 8 அல்லது 10 உள்ளே இருந்து வந்த லேப்டாப் என்றால், அதற்கான உரிம எண் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸை மறுபடி ஏற்றினால் தானாகவே ஒப்புக்கொள்ளும். தனியாகப் பணம் கட்ட வேண்டாம். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் இருக்கும். ஸ்டிக்கர் அழிவதற்கு முன்னால் அதை நோட்டில் எழுதி வையுங்கள். தகுதியுள்ள லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்ற, 8 ஜி.பி. பென் டிரைவைத் தயார் செய்யும் சிறு கருவி மைக்ரோசாஃப்ட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, லினக்ஸ். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. இன்றைக்கு உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். விலை கிடையாது. ஒருவரிடம் இருந்து இன்னொருவர் பிரதி எடுத்துக்கொள்வது சட்டப்படியே சரி.

நம்ம டெல்டாவில் இதைப் புரிய வைப்பது சுலபம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திய நெல் திருவிழாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போனவர்கள் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் மறைந்து போக இருந்த ரகங்கள் வயலுக்கு வந்தன. லினக்ஸும் கைமாறுகிற விதை மாதிரிதான். இதில் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டியதுகூட இல்லை.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயங்குதளமும் சேர்த்தே வந்தது. அது நம் நாட்டிலேயே செய்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. இந்திய மொழிகளுக்காகவே செய்தது. பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போன சில லேப்டாப்களில், சுவிட்ச் போட்டதும் வரும் பட்டியலில் பாஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தாலே ஓடிவிடும். முதலில் அதைப் பாருங்கள். கேரளாவில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பல வருஷமாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் சிரமம் இல்லாமல் படிக்கிறார்கள்.

புதிதாக ஏற்றுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை பழகச் சுலபம். விண்டோஸ் மாதிரியே கீழே இடது ஓரம் மெனு இருக்கும். 2 ஜி.பி. மெமரி மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால் மின்ட்டிலேயே எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற லேசான வகையை எடுங்கள்.

எப்போது லினக்ஸ் வேண்டாம்? டேலி கணக்குப் போடுகிறவர்கள், விரல் ரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். டேலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. சில கருவிகளுக்கும் விண்டோஸ் டிரைவர்தான் கிடைக்கும்.

பென் டிரைவ் தயார் செய்வது

இதற்கு ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. பிள்ளையின் கல்லூரி லேபிலும் கேட்கலாம்.

1. 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நம்ம கடற்கரைக் காற்றில் பென் டிரைவின் முனை துருப்பிடிக்கும். பச்சையாகப் படிந்திருந்தால் அதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

2. லினக்ஸ் மின்ட் அமைப்பின் சொந்த இணையதளத்தில் இருந்து ஐ.எஸ்.ஓ. என்று முடியும் கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜி.பி. இருக்கும். கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜி.பி. கிடைக்கிற திட்டத்தில் இது ஒரே நாளில் இறங்காது. பாதியில் நின்றால் கோப்பு வீணாகும். இறக்கி வைத்திருப்பவரிடம் பிரதி எடுப்பதே மேல்.

3. இந்தக் கோப்பை அப்படியே இழுத்து பென் டிரைவில் போட்டால் வேலை செய்யாது. பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். விதைநெல்லை மூட்டையோடு வயலில் வைத்தால் முளைக்குமா? பிரித்துத் தெளிக்க வேண்டும். அதைச் செய்யும் இலவசக் கருவிகள் ரூஃபஸ், எட்சர். ரூஃபஸைத் திறந்து, பென் டிரைவையும் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் காட்டி, ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். பட்டியலில் நீங்கள் காட்டுவது பென் டிரைவ்தானா என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மாற்றிக் காட்டிவிட்டால் மற்ற டிஸ்க் அழிந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

லேப்டாப்பை பென் டிரைவில் இருந்து எழுப்புவது

சுவிட்ச் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற குட்டி மென்பொருள்தான் முதலில் விழிக்கும். இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று அது முறை வைத்துத் தேடும். தண்ணீர் முறை வைத்து விடுகிறார்களே, அது மாதிரி. வழக்கமாக முதல் முறை ஹார்டு டிஸ்குக்கு. அந்த ஒரு தடவை மட்டும் முதல் முறையை பென் டிரைவுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

லேப்டாப்பை முழுசாக நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, சுவிட்ச் போட்டவுடனே மேல் வரிசையில் உள்ள ஒரு பொத்தானை விட்டு விட்டுத் தட்டுங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப் 12. எச்.பி. என்றால் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசர் என்றால் முதலில் எஃப் 2 அழுத்தி பயாஸுக்குள் போய், ‘எஃப் 12 பூட் மெனு’ என்பதை இயக்கிவிட்டு, மறுபடி போட்டு எஃப் 12 தட்ட வேண்டும். சில லெனோவோவில் ஓரத்தில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். அதை அழுத்தினாலும் பட்டியல் வரும். பட்டியலில் யு.எஸ்.பி. என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் வந்தும் ஏறவில்லை என்றால் பயாஸில் ‘செக்யூர் பூட்’ என்பதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

முதலில் காப்பாற்று, பிறகு ஏற்று

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம். தயவு செய்து இதை இரண்டு தடவை படியுங்கள்.

எங்கள் களப்பணியில் ஒரு குழுவில் பார்த்தோம். கணக்கு எழுதும் அக்கா மூன்று வருஷ உள்கடன் கணக்கை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார். லேப்டாப் நின்றதும் ஒரு கடையில் கொடுத்தார். கடைத் தம்பி ஒன்றும் கேட்காமல் ‘ஃபார்மட்’ செய்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். லேப்டாப் நன்றாக ஓடியது. ஆனால் கணக்கு ஒரு வரிகூட இல்லை. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதில் உறுப்பினர்களுக்குள் வாய்த்தகராறு வந்துவிட்டது. பேரேடும் ரசீதும் கையால் எழுதி வைத்திருந்ததால் குழு உடையாமல் தப்பியது. திரும்ப ஏற்றி முடிக்க மூன்று வாரம் ஆனது.

அந்தக் கணக்கை எடுத்திருக்க முடியும். விண்டோஸ் எழும்பவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. அவை ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கும். வீட்டுச் சாவி தொலைந்தால் உள்ளே இருக்கிற நெல்லும் போய்விட்டது என்று ஆகிவிடாது.

லினக்ஸ் பென் டிரைவில் ஒரு பெரிய வசதி உண்டு. லேப்டாப்பில் ஏற்றாமலேயே, பென் டிரைவில் இருந்தபடியே ஓட்டிப் பார்க்கலாம். மின்ட் எழும்பியதும் வருவது இந்த ‘லைவ்’ நிலைதான். அப்போது ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. மெனுவில் ஃபைல்ஸ் என்பதைத் திறந்து, பழைய ஹார்டு டிஸ்கைச் சொடுக்குங்கள். ‘யூசர்ஸ்’ என்ற பெட்டிக்குள் உங்கள் பெயரில் ஒரு பெட்டி இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். இன்னொரு பென் டிரைவைச் செருகி அதில் பிரதி எடுங்கள். எடுத்ததை இரண்டு மூன்று திறந்தும் பாருங்கள். புது வகை லேப்டாப் என்றால் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கலாம். அதைத் திறக்க, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் மீட்பு எண் வேண்டும்.

இன்னொரு விஷயம். பழைய கணக்குகளைப் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்திருப்போம். புது இயங்குதளத்தில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கணக்கு கெடவில்லை, எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதனால் பிரதி எடுக்கும்போதே ‘விண்டோஸ்’ பெட்டிக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற பெட்டியில் உள்ள அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசு யூனிகோட் முறையை ஏற்று ஆணை போட்டது. இனிமேல் புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும், கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும்.

ஏற்றுவது

கோப்புகளை எடுத்தாகிவிட்டது. இனி ஏற்றலாம்.

சார்ஜரைச் செருகியே வையுங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. மழை, காற்று நாளிலும், கரண்ட் போகும் நேரத்திலும் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் முதலில் இருந்து செய்ய வேண்டியிருக்கும்.

லைவ் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் மொழி, கீபோர்டு, ஊர் எல்லாம் வரிசையாகக் கேட்கும். நடுவில் ஒரு கேள்வி வரும்: ஹார்டு டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா, இல்லை விண்டோஸ் பக்கத்திலேயே போடவா? விண்டோஸ் கொஞ்சமாவது ஓடுகிறது, வேண்டும் என்றால் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். முழுவதும் கெட்டுவிட்டது, பிரதியும் எடுத்தாகிவிட்டது என்றால் மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். இந்தப் பொத்தானை அழுத்திய பிறகு திரும்பி வர வழி இல்லை.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பில் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் பென் டிரைவை எடுக்கச் சொல்லும். எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் லிப்ரே ஆபீஸ் என்பது கூடவே வரும். எக்செல் கோப்புகளையும் அது திறக்கும். தமிழ் தட்டச்சுக்கு, 1999-இல் தமிழக அரசு அறிவித்த தமிழ் 99 விசைப்பலகை முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலீஷ் எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் தமிழாக மாறும் முறையும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் 2012-இல் இருந்து தமிழிலேயே லினக்ஸ் பற்றி எழுதி வரும் கணியம் மின்னிதழைப் படிக்கச் சொல்லுங்கள். விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இளைஞர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது.

எது சரியாகாது?

எல்லாம் பென் டிரைவால் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டோம். உள்ளே இருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் ஹார்டு டிஸ்கே கெட்டுக்கொண்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டும். மாற்றும்போது எஸ்.எஸ்.டி. என்ற வகையைப் போட்டால் பழைய லேப்டாப்பும் வேகமாக ஓடும். சுவிட்ச் போட்டால் லைட்டே எரியவில்லை என்றால் சார்ஜர் அல்லது போர்டு கோளாறு. இதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும். செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டு, புதுசின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். அப்போது உள்கடன் கேட்டால் குழுவும் மனசார ஒப்புக்கொள்ளும்.

கடைக்குப் போனால் கேட்க வேண்டியவை

* “ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை எடுத்துக் குடுப்பீங்களா?” எடுத்துக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.
* “போடறது ஒரிஜினலா?” திருட்டு விண்டோஸ் போட்டால் அதோடு வைரஸும் வரலாம். உரிமம் ஏற்கெனவே உங்கள் லேப்டாப்பில் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.
* “சி.டி. டிரைவ் இல்லன்னா பென் டிரைவ்ல போடலாமே?” இப்படிக் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.
* செய்த வேலைக்கு ரசீது வாங்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர் இதைப் படித்துக் காட்டுங்கள். யார் யார் வீட்டில் ஓடாத லேப்டாப் கிடக்கிறது என்று எண்ணிக்கை எடுங்கள். பத்து குழு சேர்ந்து ஒரு பென் டிரைவ் தயார் செய்து வைத்தால் போதும். ஒரு வீட்டில் போட்டு முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகலாம். பென் டிரைவ் தேய்ந்து போகாது. பிளஸ் டூ, கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகளில் இரண்டு பேர் கற்றுக்கொண்டால் ஊருக்கே செய்து கொடுப்பார்கள். பெண் பிள்ளைகளை முன்னால் விடுங்கள். கையில் ஒரு தொழிலும் ஆகும்.

குழுக் கணக்கை லேப்டாப்பில் எழுதுகிறவர்கள் மாதா மாதம் கூட்டம் முடிந்ததும் ஒரு பிரதியைத் தனி பென் டிரைவில் எடுத்து, தீர்மான நோட்டு இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். லேப்டாப் இன்றைக்கு நிற்கும், நாளைக்கு ஓடும். போன கணக்கு திரும்பி வராது.